குடுவை விட்டு வந்த கணவரோடு மறுபடி குடும்பம் நடத்துவது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிற கேள்வி இது. கணவர் கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில் குடு, அதாவது ஹெரோயின், பழகியிருக்கிறார். மூன்று வருடத்தில் நகை, சீட்டுக் காசு, பிள்ளையின் உண்டியல் வரை எல்லாம் கரைந்துவிட்டது. புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு ஐந்து வாரத்துக்கு முன் வீட்டுக்கு வந்திருக்கிறார். இப்போது பாவிப்பதில்லை என்கிறார். ஆனால் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை. பதினொரு வயது மகள் அவர் இருக்கிற பக்கமே வருவதில்லை. மாமியோ, "அம்மன் கோயிலில் சத்தியம் வாங்கியாச்சு, இனிச் சரியாகிவிடும்" என்கிறார். "இவரை நான் நம்பலாமா? தீபாவளி கழிய மறுபடி கொழும்புக்கே வேலைக்கு அனுப்பலாமா?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, மலையகத்தில் இப்படியான குடும்பங்களோடு பல வருடமாக வேலை செய்கிற உளவளத்துணையாளர் என்ற முறையில் சொல்கிறேன். இன்றைக்கு நீங்கள் அவரை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து வாரத்தில் நம்பிக்கை வராது, வரவில்லையே என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். நம்பிக்கை இல்லாத நிலையிலும் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், அவருக்கும் வீட்டில் மரியாதையாக ஓர் இடம் இருக்க வேண்டும். அதற்கு ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்வதுதான் முதல் வேலை. காசு, நேரம், மருந்து, பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் தெளிவான ஏற்பாடு இருக்கும் வீட்டில் நம்பிக்கை மெதுவாகத் தானே வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். "என்னை நம்ப மாட்டியா?" என்று அவரும், "எப்படி நம்புறது?" என்று நீங்களும் தினமும் மல்லுக்கட்டுகிற வீட்டில் அது வருவதில்லை.

முதலில் அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாதிச் சண்டை இது தெரியாததால்தான் வருகிறது. குடு என்பது ஹெரோயின், அபின் வகையைச் சேர்ந்தது. நிறுத்திய சில மணித்தியாலங்களிலேயே கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றோட்டம், கை கால் குடைச்சல் எல்லாம் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊரில் எல்லோரும் இதைத்தான் "குடு இறங்குறது" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளைத் தாண்டிவிட்டால் ஆள் சுகமாகிவிட்டான் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் நீளமானவை. தூக்கம் சீராகாது. சாப்பாட்டில் ருசி இருக்காது. சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்கும் மனசு அசையாது. சின்னச் சத்தத்துக்கும் கோபம் வரும். மூன்று வருடமாக மூளை தன் ஆறுதலை வெளியிலிருந்து வாங்கிப் பழகிவிட்டது. அதைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளப் பல மாதங்கள் எடுக்கும். உங்கள் வீட்டுக்காரர் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். அதே நேரம், அந்தச் சோர்வு வாரக்கணக்கில் நீண்டால், "செத்துப்போனால் நல்லது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், அதைச் சும்மா விடாதீர்கள். மனச்சோர்வுக்குத் தனி மருந்து இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் எந்த நேரமும் பேசலாம்.

இன்னொன்று, வலி. குடு பாவித்த காலத்தில் சொத்தைப் பல்லோ முதுகோ வலித்தாலும் தெரிந்திருக்காது. நிறுத்தியதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், வழக்கத்தை விட அதிகமாகவும் வலிக்கும். நல்லபடியாக மூன்று மாதம் ஓட்டிய ஒருவர் பல்வலிக்காக டவுனில் ஃபார்மசிக்குப் போனார். யாரோ கொடுத்த கெப்சூலை வாங்கிப் போட்டார், அதிலிருந்து பழைய பாதைக்கே போய்விட்டார். அது ட்ரமடோல். ட்ரமடோலும் கொடீனும் குடுவின் குடும்பம்தான். ட்ரமடோலை அளவு மீறிப் போட்டால் வலிப்பும் வரும். அதனால் எந்த டொக்டரிடம் போனாலும், பல் டொக்டராக இருந்தாலும், "இவர் ஹெரோயின் பாவித்து விட்டவர், அந்த வகை வலி மருந்து வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் வருகிற கஷ்டம் அதை விடப் பெரியது.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதை மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். புனர்வாழ்விலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. சில வாரம் விட்டிருந்தாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மனசுக்கு மட்டும் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். ஒரு நாள் தடுமாறி முன்பு பாவித்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சாராயமோ, தூக்க மாத்திரையோ, இப்போது பெடியன்களிடம் அதிகம் புழங்குகிற ப்ரீகபலின் கெப்சூலோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆளைத் தட்டினாலும் எழும்பவில்லை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, மூச்சு மெதுவாக அல்லது குறட்டை மாதிரிக் கரகரவென்று வருகிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ், காசு இல்லை. வரும்வரை ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து ஆறு விநாடிக்கு ஒரு தடவை ஊதுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் பருக்குவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, "தூங்கி எழும்பட்டும்" என்று விட்டுவிடுவது, மூன்றும் வேண்டாம். என்ன பாவித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலொக்சோன் என்ற மருந்தை உரிய நேரத்தில் ஏற்றினால் மூச்சுத் திரும்பும். பொலிஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் அரை மணித்தியாலம் தாமதித்து ஆளைப் பறிகொடுக்கக் கூடாது.

மாமியின் சத்தியம் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. கும்பிடுவதும் மாலை போடுவதும் மனசுக்குத் தெம்பு தரும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "அம்மன் மேல் சத்தியம் பண்ணியவன் தொட மாட்டான்" என்று வீடு முழுக்க நம்பிக்கொண்டிருந்தால், தப்பித் தவறி ஒரு நாள் தொட்டவர் அதை யாரிடமும் சொல்ல மாட்டார். குற்ற உணர்ச்சியில் ஒளிந்து, தனியாகப் பாவிப்பார். தனியாகப் பாவிக்கும்போது மூச்சு நின்றால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஆகவே மாமியிடம் பக்குவமாக ஒன்று சொல்லி வையுங்கள்: சத்தியம் தவறினாலும் வீட்டில் வந்து சொல்லலாம், அன்றைக்கு அடியோ சாபமோ இருக்காது. இதை அவர் காதில் விழும்படி மாமியே சொன்னால் இன்னும் நல்லது. கல்யாணமாகாத பெடியனுக்குக் கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று ஊரில் செய்து வைக்கிறார்களே, அதையும் இந்த இடத்தில் கண்டிக்கிறேன். ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை யாருக்கும் மருந்து இல்லை.

சரி, காசு. வரிசை வீடுகளான லயத்தில் குடு பிரச்சினை முதலில் கண்ணில் படுவது காசில்தான், குடும்பம் நிமிர்வதும் அதில்தான் தெரியும். அவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் கையில் முழுச் சம்பளம் இருக்கக் கூடாது. அவரைச் சிறுபிள்ளையாக நடத்தச் சொல்லவில்லை. கையில் காசு சேர்ந்த அந்த நேரம்தான் பழைய ஞாபகத்தை அதிகம் கிளப்பும், இதை விட்டு வந்தவர்களே சொல்வார்கள். நான் பார்த்ததில் ஒத்துவந்த ஏற்பாடு இது. இரண்டு பேரும் உட்கார்ந்து, சண்டை இல்லாத ஒரு நேரத்தில், ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுங்கள். சம்பளம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குப் போகும், அல்லது அவரே கொண்டுவந்து உங்கள் கையில் தருவார். தினமும் பஸ்ஸுக்கும் பிளேன்டீக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை அவருக்கு. அதைக் கணக்குக் கேட்க மாட்டீர்கள். அதற்கு மேல் எதுவானாலும் பொருளாகவே வாங்கிக் கொடுப்பீர்கள். இது மூன்று மாதத்துக்கு, அப்புறம் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று முடிவுத் திகதியும் எழுத வேண்டும். அந்தத் திகதி மிக முக்கியம். திகதி இல்லாவிட்டால் அது தண்டனையாகிவிடும், இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமாக இருக்கும். இப்போது குடு விற்கிறவர்கள் நேரில் பார்க்காமல் போன் வழியாகவே காசை வாங்கிவிட்டு, சாமானை எங்காவது வைத்துவிட்டு இடத்தைச் சொல்கிறார்கள். அதனால் போனில் காசு போடும் வசதியையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

கடனை ஒரேயடியாக அடைக்கப் பார்க்காதீர்கள். வீடு வீடாக வந்து கிழமைக்குக் கிழமை வசூலிக்கிற லோனை எடுத்து, அவருடைய பழைய கடனைக் கட்டி, அந்த லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் நாள் சம்பளமே சிறிய தொகைதான். பேர், அதாவது நாள் வேலைப் பதிவு, முழுதாக விழாத மாதத்தில் அதிலும் குறையும். அந்தச் சம்பளம் இந்தச் சுமையைத் தாங்காது. எல்லாக் கடனையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, அடகு எந்தத் திகதியில் மூழ்கும் என்று. மூழ்கப்போகும் அடகை முதலில் பாருங்கள். மற்றவர்களிடம் அவரையே கூட்டிக்கொண்டு போய், மாதம் இவ்வளவுதான் தர முடியும் என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். நீங்கள் போய்க் கெஞ்சுவதை விட அது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

முதலில் அடைக்க வேண்டிய ஒரு சின்னக் கடன் இருக்கிறது. மகளின் உண்டியல்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தலவாக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் இதே கதை. தகப்பன் உண்டியலை உடைத்தது பிள்ளைக்குத் தெரியும், அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. அவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பிள்ளையின் முன்னால் போய், "உன் காசை நான் எடுத்தேன். அது பிழை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நூறு ரூபாய் திருப்பித் தருவேன்" என்று மட்டும் சொன்னார். அழவில்லை, மன்னிப்புக் கேட்டு மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டாள். முதல் சனிக்கிழமை வைத்த தாள் அப்படியே மேசையில் கிடந்தது. இரண்டாவது வாரமும் அதன் மேல் இன்னொன்றை வைத்தார். மூன்றாவது வாரம் இரண்டு தாளும் மேசையில் இல்லை. அதைக் கவனித்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை, சொன்ன தொகை முடியும்வரை வைத்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் பேச்சைப் பார்ப்பதில்லை, சொன்னது சொன்ன கிழமையில் நடக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வீட்டில் எத்தனை வாக்குறுதி உடைந்தது என்று அவர்களிடம் கணக்கு இருக்கிறது.

அதனால் "அப்பாகிட்ட போய்ப் பேசு" என்று மகளைத் தள்ளாதீர்கள். அவள் கோபப்பட நியாயம் இருக்கிறது. "அப்பாவுக்கு வந்தது ஒரு வருத்தம். மருந்து எடுக்கிறார். அது உன்னால் வந்ததும் இல்லை, உன்னால் மாற்றக்கூடியதும் இல்லை. நீ பேச வேண்டும் என்று தோன்றும்போது பேசலாம்" என்று சொல்லுங்கள், போதும். பள்ளிக்கூடத்தில் "குடுகாரன் மகள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அவள் உங்களிடம் சொல்லாமல் மறைத்திருப்பாள். வகுப்பாசிரியர் நம்பக்கூடியவர் என்றால் அவர் காதில் மட்டும் போட்டு வையுங்கள். மிக முக்கியமாக, மகளை உளவாளி ஆக்காதீர்கள். "நான் மலைக்குப் போனதும் அப்பா எங்கே போறார் என்று பார்த்துச் சொல்லு" என்று சொல்வது வழக்கமாக நடக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது தாங்க முடியாத பாரம். அவர் மறுபடி தடுமாறினால், தான் சரியாகப் பார்க்காததால்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். சின்னவனுக்கு ஆறு வயது, அவன் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான். அதைக் காட்டி அக்காவைக் குறை சொல்லாமல் இருந்தால் சரி.

வீட்டுச் சோதனை பற்றிக் கேட்பீர்கள். உடுப்புப் பையைக் கிளறுவது, போனைப் பார்ப்பது, கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எல்லாம் உங்களை வீட்டுக்குள் பொலிஸாக்கிவிடும். அதில் உங்கள் தூக்கமும் போகும். சோதனை வேண்டுமென்றால் அதைக் கிளினிக்கிடம் விடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஹெரோயின் இரண்டு மூன்று நாள் வரை தெரியும். கொடீன் கலந்த இருமல் மருந்தும் அதில் காட்டும் என்பதால், முடிவைப் பார்த்து விளங்கப்படுத்த வேண்டியது டொக்டர்தான். குடுவைச் சூடாக்கிப் புகைத்துக் கரி பிடித்த ஈயத்தாள் கண்ணில் பட்டால், வீட்டுச் சாமான் காணாமல் போகத் தொடங்கினால், அதைக் கேட்கத்தான் வேண்டும். இரவில் கத்தாமல், காலையில், "இதைப் பார்த்தேன், கிளினிக்குக்குப் போவோம்" என்று கேளுங்கள்.

கிளினிக் என்று சொன்னேன், அதுதான் பலர் விட்டுவிடுகிற இடம். நிலையத்திலிருந்து வந்ததோடு சிகிச்சை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மாதக் கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. நுவரெலியா, டிக்கோயா, நாவலப்பிட்டி, பதுளை, கண்டி, பேராதனை என்று உங்களுக்குப் பஸ் வசதியான அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு அவரைப் பதியுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குக் கண்டியில் ஒரு நிலையம் இருக்கிறது. 1927 என்ற அவர்களுடைய இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவர் தானாக விரும்பியும் சிகிச்சைக்குப் போகலாம், நீதிமன்றக் கட்டளை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கே போனாலும் தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, கேட்பது நம் உரிமை. மனசில் உள்ளதைப் பாதி விளங்குகிற மொழியில் சொல்லி எவரும் குணமானதில்லை என்பது என் அனுபவம்.

டொக்டர் மருந்து எழுதினால், "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று மறுக்க வேண்டாம். மெதடோன், பூப்ரெனோஃபின் என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஏக்கத்தை அடக்கி, ஆளை நிதானமாக வேலைக்குப் போக வைத்து, சாவைக் குறைக்கிற மருந்துகள் அவை. நல்ட்ரெக்சோன் என்பது வேறு மாதிரி, ஹெரோயின் எடுத்தாலும் ஏறாமல் தடுக்கும், ஆனால் முழுக்க விட்டு ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகுதான் தொடங்கலாம். உங்கள் கணவருக்கு எது பொருந்தும், அங்கே எது கிடைக்கும் என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். எதையும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அதே போக்கில் சளியையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். புகைத்தவர்களுக்கு நெஞ்சு பழுதுபட்டிருக்கும், காசநோய் இருந்தால் ஒரே காம்பராவில் (அறையில்) படுக்கிற பிள்ளைகளுக்கும் தொற்றும். எப்போதாவது ஊசி போட்டிருந்தால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சியும் பார்க்க வேண்டும்.

கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைத்து இதையும் எழுதுகிறேன். குடு ஆண்களின் ஹோர்மோனைக் குறைத்து ஆசையை மங்க வைக்கும். நிறுத்திய பிறகு அது மெதுவாகத்தான் திரும்பும். அவர் ஒதுங்கிப் படுத்தால் வேறு தொடர்பு இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மறுபக்கம், உங்களுக்கு மனசு வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லுகிற உரிமை உங்களுக்கு முழுக்க இருக்கிறது. அவர் திருந்துவதற்கு அது கூலி கிடையாது.

பொறுமைக்கும் ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். கை நீட்டினால் அது நோயின் அறிகுறி என்று சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. எந்தக் கட்டத்தில் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போவீர்கள் என்பதை இப்போதே, அமைதியாக இருக்கும்போதே, அவரிடம் சொல்லி வையுங்கள். அவர் ஒரு தடவை தடுமாறினால் அதற்காகக் குடும்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. விழுவதும் எழும்புவதும் இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான். மறைக்காமல் சொன்னாரா, மறுநாளே கிளினிக்குக்கு வந்தாரா என்று பாருங்கள். அதைச் செய்கிறவரோடு வாழலாம். மாதக் கணக்கில் பொய்யும் களவுமாக, சிகிச்சைக்கும் வராமல் இருக்கிறவரோடு வாழ வேண்டும் என்று நான் எந்தப் பெண்ணுக்கும் சொல்ல மாட்டேன்.

லயத்தில் ஒரு சுவர்தான் இடையில். பேசுவது எல்லாம் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "சுகமில்லாமல் இருந்தார், இப்போது மருந்து எடுக்கிறார்" என்ற ஒரு வசனத்தை நீங்கள், அவர், மாமி மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் "குடுவைத்தானே விட்டாய், ஒரு கிளாஸ் சாராயத்துக்கு என்ன?" என்று ஊற்றிக் கொடுக்கிற சொந்தங்கள் வருவார்கள். முதல் வருடம் அந்த இடங்களுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சாப்பிட்டதும் திரும்பிவிடுங்கள்.

இனி கொழும்பு. அனுப்பாதீர்கள். குறைந்தது ஒரு வருடத்துக்காவது. அவருக்குப் புறக்கோட்டையில் அந்தக் கடை, அந்தச் சந்து, அந்த பஸ் ஹோல்ட் எல்லாமே குடுவோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. மனசு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அந்த இடத்தில் கால் வைத்ததும் உடம்பு கேட்கத் தொடங்கும். வயிறு கலங்கும், கை வியர்க்கும். கூடவே சம்பளம் கையில், வீட்டார் பக்கத்தில் இல்லை, பழைய கூட்டாளிகள் நாலு அடியில்.

அதற்காகத் தோட்டத்தில் இருப்பது பாதுகாப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். குடு இப்போது மலையேறி வந்துவிட்டது. இங்கே எனக்குப் பயம் மத்தியான நேரத்தில். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்குப் போகிற ஆண்கள் பகலோடு பேர் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் பின்னேரக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை அவருக்கு மூன்று நான்கு மணித்தியாலம் வெறுமனே கிடக்கும். அந்த நேரத்துக்கு வேலை பிடியுங்கள். லயத்துப் பின்னால் கரட்டோ லீக்ஸோ போட ஒரு துண்டு நிலம், மாடு இருந்தால் புல்லறுப்பு, டவுனில் தெரிந்தவர் கடையில் அரைநாள், சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருவது. எதுவானாலும் அது தினமும் அதே நேரத்தில் இருக்க வேண்டும், யாராவது அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிற வேலையாக இருக்க வேண்டும்.

ஒரு வருடம் போய், வேறு வழியே இல்லாமல் வெளியில் அனுப்புவதானால், வேறு ஊர், சொந்தக்காரர் வீட்டில் தங்கல், சம்பளம் நேராக உங்கள் கணக்குக்கு, மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு லீவு. இந்த நாலும் ஒத்துக்கொள்கிற முதலாளி கிடைத்தால் யோசிக்கலாம். தீபாவளிக்குப் பழைய கடைக்காரர் அழைக்கும்போது நீங்கள் குறுக்கே விழுந்து மறுக்க வேண்டாம். அவரே உங்கள் முன்னால் போனில் "இந்த வருடம் வரமாட்டேன்" என்று சொல்லட்டும். சொல்லிவிட்டு அந்த சிம்மை மாற்றிவிடச் சொல்லுங்கள். புது நம்பரைக் கிளினிக் அட்டையில் எழுதி வையுங்கள், அடுத்த திகதியையும் அதிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், அந்த ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை.